இடது பெட்டியில் தாளம் இல்லை

இவர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையை மறந்தேன், கண்ணாடியை மறந்தேன் என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். இன்று வரவில்லை. பூங்காவில் நடை, அப்புறம் ரிட்டயரான கூட்டத்தோடு டீ, உலக விவகாரம் முழுவதையும் தீர்த்துவைத்துவிட்டு மார்க்கெட்டில் ஒரு கட்டுக் கீரை, அதுவரை ஹால் என் கையில். ஸ்க்ரூ டிரைவர் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றியாயிற்று. கடிகாரம் நின்றுவிட்டது, நிற்கட்டும். சாயங்காலம் காது டாக்டரிடம் போகவேண்டுமாம். எனக்குத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரில் டோக்கன் போட்டாயிற்று, பெங்களூரில் இருக்கும் மகளிடமும் சொல்லியாயிற்று, அவளும் காலையில் போன் பண்ணி, “அப்பா சொல்றதுல என்னம்மா தப்பு, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே, சின்ன மெஷின், வெளியவே தெரியாது” என்கிறாள். பிரபாவதி, உனக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் நீ மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே சூடு எவ்வளவு என்று சொன்னவள்டி நான். என்ன தப்பு என்று கேட்கிறாளே. நான் செய்த குற்றமெல்லாம் ஒன்றுதான். பொங்கலுக்கு வெள்ளையடித்ததிலிருந்து, நாதஸ்வர ரெக்கார்டில் இடப்பக்கம் ஜால்ராத் தாளம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். “எனக்கு நல்லாக் கேக்குது வசந்தா. பொட்டி நல்லாத்தான் இருக்குது. உன்ற காதுதான் போச்சு” என்கிறார். ஒரு தடவை சொன்னால் கோபம், இரண்டு தடவை சொன்னால் சண்டை, தினமும் சொன்னால் அது உண்மையாகிவிடுகிறது. மெஷினை மாட்டிவிட்டார்கள் என்றால் அப்புறம் நான் எதைக் கேட்டேன் என்று சொன்னாலும் இந்த வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை. குக்கர் விசில் வந்ததா என்பதைக்கூட இவரிடம்தான் ஊர்ஜிதம் செய்துகொள்ளவேண்டும். அதற்கு முன்னால் தெரிந்தாகவேண்டும், பெட்டியா, நானா.

இந்தப் பெட்டிகளை நான் தொட்டதில்லை. துடைத்திருக்கிறேன், அது வேறு. ஆளுயரத்தில் பாதி இருக்கும், தேக்கு நிறம், முன்னால் காப்பிப்பொடி நிறத்தில் துணி, மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஒரு ஜப்பான்காரன் ஊருக்குப் போகும்போது இவரிடம் விட்டுப்போனது. அன்றிலிருந்து வீட்டில் மூத்த பிள்ளைகள் இரண்டும் இவைதான், பிரபாவதி மூன்றாவது. எதிரே இவருடைய பிரம்பு நாற்காலி. அதன் நாலு காலும் எங்கே நிற்கவேண்டும் என்று மொசைக் தரையில் கறுப்பு டேப்பால் அடையாளம் ஒட்டியிருக்கிறார். பெருக்கும்போது நகர்த்தினால் திரும்ப டேப்பின் மேலேயே வைக்கவேண்டும், ஒரு விரல் விலகினாலும் உட்கார்ந்தவுடனே தெரிந்துவிடுமாம் இவருக்கு. எனக்கு இடம் சமையற்கட்டு வாசலில் முக்காலி. அங்கிருந்துகொண்டு கீரை ஆய்ந்தபடியே முப்பது வருஷமாக ஓரக்காதால் கேட்டவள் நான். ஓரக்காதால் கேட்டதையே இவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று நாற்காலியில் உட்காருகிறேன். உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, கூரை இடிந்து விழவில்லை, பிரம்பு மட்டும் கொஞ்சம் முனகியது. ரெக்கார்டைப் போட்டு முள்ளை வைத்தேன். அந்தச் சின்னக் கரகரப்பு, அப்புறம் நாதஸ்வரம், தவில், எல்லாம் இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் யாரோ ஈரத்துணியைப் போட்டு மூடின மாதிரி. தாளம் இடப்பக்கம்தான் வரும், எனக்கு நன்றாகத் தெரியும், பழைய வாடகை வீட்டில் அந்த ணிங் ணிங் என் முக்காலி வரைக்கும் வந்து தொடும். இப்போது இல்லை. சரி, முதலில் ஆம்ப்ளிஃபையர். மதியம் இவர் தூங்கும்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரு பையன் அழகாகச் சொல்லிக்கொடுக்கிறான், நாயை எப்படிக் குளிப்பாட்டுவது என்பதுபோல அவ்வளவு பொறுமையாக. சுவிட்சை அணைத்துவிட்டு, பின்னால் இடதுக்குப் போகிற வயரை வலதில் போடு, வலதை இடதில் போடு. கோளாறு பக்கம் மாறினால் ஆம்ப்ளிஃபையர், மாறாமல் அங்கேயே நின்றால் பெட்டி. போட்டேன். முள்ளை வைத்தேன். ணிங்.

ணிங், ணிங். வலப்பக்கத்திலிருந்து. உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தாளத்தை வலது பெட்டிக்குக் கொடுத்தால் கேட்கிறது, இடது பெட்டிக்குக் கொடுத்தால் கேட்கவில்லை, ஆகவே பெட்டி, ஆகவே நான் ஜெயித்தேன், ஆகவே டோக்கனைக் கிழித்துப் போடலாம் என்று எழுந்துவிட்டேன். எழுந்தவள் அப்படியே நின்றேன். வலப்பக்கம் இருந்து வந்தால் எனக்கு வலது காது இருக்கிறதே. இடப்பக்கத்திலிருந்து வந்ததை இடது காது அல்லவா வாங்கவேண்டும், அந்தக் காது போயிருந்தால் பெட்டி என்ன கத்தினாலும் இதே கதைதானே. சனியன். இது இவர் சொல்லக்கூடிய பதில், இவர் இங்கே இல்லை, ஆனாலும் இவர் குரலிலேயே எனக்குள் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தால் மனுஷன் வெளியே போனாலும் வாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்கும் வழி இருக்கிறது, எனக்குத் தெரியும், பெட்டியை நகர்த்தவேண்டாம், ஆம்ப்ளிஃபையரைத் தொடவேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும், இடது காது வலது பெட்டிக்கு வந்துவிடும், ஈரத்துணி என்னோடு திரும்புகிறதா அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை. நாற்காலியின் கையைப் பிடித்தேன். திருப்பவில்லை. பால்காரனுக்குப் பாத்திரம் வைத்தேனா என்று யோசித்தேன். வைத்திருந்தேன்.

இடது காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது ஹெட்செட்டை இடது காதில்தான் மாட்டுவோம், வலது காது சூப்பர்வைசருக்கு. வெளியூர் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டுக்கு முன்னால் வரிசையாக நாங்கள், கையில் இணைப்பு வயர், கண் விளக்கில், வாய் மவுத்பீஸில், பொள்ளாச்சி, உடுமலை, பம்பாய், கனெக்ஷன் கொடுத்தாச்சு பேசுங்க. லைன் மெலிந்துபோனால் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்கும். பம்பாயில் ஒரு பையன் கத்துவான், பொள்ளாச்சியில் அவன் அம்மா அலோ அலோ என்று அழுவாள், நடுவில் நான். அம்மா, அவருக்கு வேலை கெடச்சிருச்சாமுங்க. சாப்பாடு ஒத்துக்குதாமுங்க. தம்பி, அம்மா உடம்பப் பார்த்துக்கச் சொல்றாங்க. இவர்கள் சொன்னதை அங்கே, அங்கே சொன்னதை இங்கே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஒருவரும் என்னை நம்பாமல் இருந்ததில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதை, சாவை, பிள்ளை பிறந்ததை என் காது வழியாகத்தான் பாதி ஜில்லா கேட்டது. அதே காதில்தான் ஐப்பசி மழைக்காலத்தில் ஊட்டி லைனில் இடி விழும்போது பளீரென்று ஒரு அறை விழும், ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொள்வோம், பக்கத்து சீட் ரெஜினா ஒரு தடவை மயங்கியே விழுந்தாள், தண்ணீர் தெளித்து எழுப்பி டீ வாங்கிக்கொடுத்து மறுபடி உட்காரவைத்தார்கள். அந்த அறைகளெல்லாம் எங்கே போயிருக்கும். உடம்பு எதையும் மறப்பதில்லை என்கிறார்களே, காது அவற்றையெல்லாம் சேர்த்து வைத்திருந்து இப்போது கணக்கைத் தீர்க்கிறதோ. பயமாகத்தான் இருக்கிறது. போகட்டும், பயத்தோடேயே வேலை பார்க்கலாம், நாங்கள் இடிக்கு நடுவே வேலை பார்த்தவர்கள்தானே.

நாற்காலியை அப்புறம் திருப்பிக்கொள்ளலாம், முதலில் பெட்டியை விசாரிக்கிறேன், அதற்கும் நியாயம் வேண்டாமா. முன்துணியைப் பிடுங்கினேன், படக் படக்கென்று நாலு மூலையும் விட்டது. உள்ளே மேலே தாளம் மாதிரி மெல்லிய சத்தத்துக்குச் சின்ன ஸ்பீக்கர், கீழே தவில் மாதிரி கனத்த சத்தத்துக்குப் பெரியது. பெரியதைச் சுற்றி ரப்பர் விளிம்பு, விரலால் தடவினேன், நன்றாகத்தான் இருக்கிறது, உதிரவில்லை. பேட்டரி வித்தையைச் செய்யலாம். பின்னால் வயரைக் கழற்றிவிட்டு, சிவப்பில் பேட்டரியின் தலை, கறுப்பில் வால், ஒரு தொடு தொட்டு எடுக்கவேண்டும், பெரிய ஸ்பீக்கர் முன்னால் துள்ளும் என்று அந்தப் பையன் சொன்னான். வலது பெட்டிக்குப் போய் அதன் துணியையும் கழற்றினேன். டப். முன்னால் துள்ளியது. என்ன அழகு, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி. இடதுக்கு வந்தேன். டப். உள்ளே போனது. பேட்டரியைத் திருப்பிப் பிடித்துவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. இன்னொரு தடவை, உள்ளேதான். அப்படியென்றால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், கனத்த அடிச் சத்தம் எழும்பாது, பாடுகிற குரலுக்கு நிற்க இடம் இருக்காது, இதையும் அந்தப் பையன்தான் சொன்னான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிச் சத்தம் எழும்பாது. எழும்பவில்லையே, இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எழும்பவில்லையே. வாடகை வீட்டில் தவிலின் கனத்த தொப்பிப் பக்கம் அடி விழுந்தால் அலமாரியில் டம்ளர் அதிரும். இங்கே வந்ததும் அது செத்துப்போனது. இவர் ஜன்னல் திரையைக் குற்றம் சொன்னார், மாற்றினேன். சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டார், ஒரு வருஷம் விருந்தாளி யார் வந்தாலும் என்ன இது என்று கேட்டார்கள். அப்புறம் என் அம்மா கொடுத்த மர பீரோ அடிச் சத்தத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்தார், அதைத் தூக்கி இவருடைய தங்கை வீட்டுக்கு அனுப்பினார், நான் சமையற்கட்டில் நின்றுகொண்டு ஒன்றும் பேசவில்லை, அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம். கடைசியில் யாருமே அகப்படாமல், “தவில்காரன் மைக்குக்குத் தள்ளி உக்காந்துட்டான், ரெக்கார்டிங்கே அப்படித்தான்” என்று, செத்தானோ இருக்கிறானோ தெரியாத ஒரு மகா வித்வானையும் குற்றவாளியாக்கினார். குடிவந்தபோது எலி கடித்த வயரை மாற்றுகிறேன் என்று இடது பெட்டியின் பின்புறத்தைத் திறந்து ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தது யார்? இவர். தொடாதே, பக்கத்தில் வராதே, மூச்சு விடாதே என்று என்னையும் குழந்தையையும் விரட்டிவிட்டு, மில்லில் நூறு மெஷினைக் கட்டி மேய்த்த மெயின்டனன்ஸ் மேனேஜர் நாச்சிமுத்து, சிவப்பைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் வைத்து ஒட்டிவிட்டு, அதற்கு எதிரே டேப் ஒட்டி நாற்காலி போட்டு, முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்து முடிந்ததும் பீரோவின் கண்ணாடி ஞாபகம் வந்தது, அதில் அம்மா ஒட்டின பொட்டுகள் ஓரமாக இருக்கும்.

ஆனால் தாளம்? தலைகீழாக வயர் கொடுத்தால் தாளம் அடியோடு போகாது. அது இன்னும் கேள்வியாகவே நிற்கிறது, சாயங்கால டோக்கனும் நிற்கிறது. காலண்டர் தாளைக் கிழித்துக் குழாயாகச் சுருட்டினேன். வயர்களை எல்லாம் பழையபடி மாட்டி ரெக்கார்டைப் போட்டு, இடது பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் குழாயின் ஒரு முனையை வைத்து மறுமுனையில் என் வலது காதை வைத்தேன். நல்ல காது, யாரும் குறை சொல்லாத காது. ஒன்றும் இல்லை. பெரிய ஸ்பீக்கரின் சத்தம் ஓரமாகக் கசிந்ததே தவிர குழாய்க்குள் ஈ பறக்கவில்லை. செத்துக்கிடக்கிறது. பெட்டிதான், பெட்டிதான், பெட்டியேதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எந்த வக்கீலும் அங்கே நிறுத்தியிருப்பான். நான் வலது பெட்டிக்குப் போனேன், தாளம் அங்கே வரும்படி வயரை மாற்றிவிட்டு வலது காதை வைத்தேன், ணிங்ங்ங், வால் நீண்டு நீண்டு போய்க் கரைகிறது. குழாயை இடது காதுக்கு மாற்றினேன். ணிங். வால் இல்லை. இன்னொரு தடவை. ணிங். வெட்டிவிட்ட மாதிரி. குழாயைக் கீழே வைத்தேன். ஊட்டி லைன் இடி எடுத்துக்கொண்டது இவ்வளவுதான் போலிருக்கிறது, ஒரு வால். சரி, போயிருக்கிறது. கொஞ்சம் போயிருக்கிறது. அழவேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேலே என்று தெரியவில்லை. என் காது கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது என்பதை என் காதே எனக்குச் சொல்லியிருக்கிறது, பெட்டி செத்திருக்கிறது என்பதையும் அதே காதுதான் சொன்னது. இரண்டும் உண்மை. ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாகிவிடும் என்று யார் சொன்னது, இவர் சொன்னார். வாலில்லாத காதானாலும் அது பொய் சொல்லவில்லை. மெஷின் வேண்டுமென்றால் மாட்டிக்கொள்கிறேன், நானே போய், நானே கேட்டு, எனக்குப் பிடித்ததாகப் பார்த்து. ஆனால் என் காதில் கோளாறு என்பதற்காக, நான் கேட்டதை இல்லை என்று சொல்ல இந்த வீட்டில் எவருக்கும் உரிமை கிடையாது.

சுவிட்சை அணைத்துவிட்டுப் பெரிய ஸ்பீக்கரின் திருகுகளைக் கழற்றி வெளியே சாய்த்தேன். உள்ளே பஞ்சு, தூசி, ஒரு செத்த பல்லி, சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற வயர் ஒன்று நுனியில் சால்டர் உருண்டையோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் வைத்த சால்டர். இத்தனை காலம் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது, வெள்ளையடிக்கிறவர்கள் பெட்டியை நகர்த்தினதில் விட்டுவிட்டது. நுனியைச் சுரண்டி, சின்ன ஸ்பீக்கரின் கொக்கியில் முறுக்கி, மேலே டேப் சுற்றினேன். டேப், இவர் தரையில் ஒட்டுகிற அதே கறுப்பு டேப்தான், எனக்கும் ஒட்டத் தெரியும். பெரியதை மூடி, பக்கம் மாற்றின வயர்களைப் பழையபடி போட்டு, இடது பெட்டிக்குப் பின்னால் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டி, முள்ளை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னவென்று சொல்வேன். நாதஸ்வரக்காரர் வந்து நடுவில் நின்றார். இரண்டு பெட்டிக்கும் நடுவே, டிவி ஸ்டாண்டுக்கு மேலே, அந்த வெறும் சுவரில், மூச்சு இழுப்பது கூடத் தெரிகிறது. தவிலின் தொப்பி அடி தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. இடப்பக்கம் தாளம் நிறுத்தி நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தது, எனக்கு வந்தவரைக்கும் வால் குறைவுதான், பரவாயில்லை. கேட் திறந்த சத்தமும் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

இவர் கீரைக்கட்டோடு வாசலில் நின்றார். முன்துணி இல்லாத பெட்டியைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், நாற்காலியில் என்னைப் பார்த்தார். “என்னம்மிணி பண்ணி வெச்சிருக்குற? சவுண்டு என்னமோ மாதிரி இருக்குது. இப்படி இடிக்குது?” என்றார். “இதுதானுங்க நெசமான சவுண்டு. குடிவந்தப்ப வயரை மாத்தி ஒட்டிட்டீங்க. அன்னைலேர்ந்து தலைகீழாத்தான் கேட்டுட்டு இருந்தீங்க. என்ற அம்மா பீரோ ஒரு பாவமும் பண்ணலீங்க” என்றேன். “நானா?” என்றார். “நீங்கதானுங்க” என்றேன். கீரைக்கட்டை டிவி ஸ்டாண்டின் மேலேயே வைத்தார், இவர் வைக்காத இடம் அது. நான் விடவில்லை. “சாயங்காலம் வர்றேனுங்க. இடது காது கொஞ்சம் கொறஞ்சிருக்குது, நானே பார்த்துட்டேன். ஆனா தாளம் வரலைன்னு சொன்னது காதுனால இல்ல. சின்ன ஸ்பீக்கர்ல உங்க சால்டர் விட்டுப்போச்சு. இப்ப சரி பண்ணிட்டேன், வந்து கேளுங்க” என்றேன். இவர் நம்பாமல்தான் வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடது பெட்டியின் சின்ன ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். எனக்கு ஜெயித்த குஷி, வார்த்தைகள் வரிசையில் தயாராக நின்றன, ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும் என்று. இவர் அங்கேயே குனிந்திருந்தார். அப்புறம் வலது பெட்டிக்குப் போய்க் குனிந்தார். திரும்ப இடதுக்கு வந்தார். “நாதஸ்வரம் வருது, தவில் வருது. இதுல ஏதம்மிணி தாளம்? எங்கயோ தப்பு பண்ணிட்ட. இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல” என்றார். தாளம் ணிங் ணிங்கென்று போட்டுக்கொண்டிருந்தது, நாற்காலி வரைக்கும் வந்துகொண்டிருந்தது, இவர் காதுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. பொங்கலிலிருந்து எனக்கு நல்லாக் கேக்குது என்றாரே, அது இந்த ரெக்கார்டு முழுவதும் மனப்பாடம் என்பதால் கேட்டது. தாளம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் தானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை வருஷமாகவோ. தயாராக நின்ற வார்த்தைகள் ஒன்றையும் காணோம். ஆனாலும் தப்பு என்மேல் என்று ஒத்துக்கொள்ள முடியாது, அது மட்டும் இனி முடியாது. “ரெண்டு டோக்கன் போடச் சொல்றேனுங்க” என்றேன். “எனக்கெதுக்கு?” என்று நிமிர்ந்தார். தாளம் போய்க்கொண்டேயிருந்தது. “எனக்குக் கேக்குதுங்க” என்றேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்து டாக்டர் நம்பரைத் தேடி என்னிடம் நீட்டினார்.